பால் குடித்த கல்

அக்டோபர் 19, செவ்வாய்

இன்றும் லைன் போகவில்லை. "நீங்கள் அழைக்கும் எண்" என்று ஒரு பெண் பேசுவாளே, அவள்கூடப் பேசவில்லை. மணி அடிக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

நூல் கடைக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி இது. இத்தனை மாதம் தையல் மெஷின் காலுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்தேன். இன்றைக்கு உருவி எடுத்து எழுதுகிறேன். யாரிடமாவது சொன்னால் அவர்கள் பங்குக்கு ஒன்று சேர்த்துச் சொல்வார்கள், அது எனக்கு ஆகாது. இதுவானால் கேட்டுக்கொண்டு சும்மா கிடக்கும்.

விஷயம் இவ்வளவுதான். என் வீட்டுக்காரர் நல்லசிவம் எத்தியோப்பியாவில் ஒரு காலேஜில் சிவில் இன்ஜினியரிங் வாத்தியார். போய் நாலு வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூப்பிடுவார். இந்த ஞாயிறு கூப்பிடவில்லை. அந்தப் பக்கம் ஏதோ சண்டை என்று டிவியில் கீழே ஒரு வரி ஓடியது. மழை பெய்தாலே டவர் படுத்துவிடுகிற மலையூர் அது, அதற்குச் சண்டையே வேண்டியதில்லை. எனக்குப் பயமில்லை.

தீபாவளி ரவிக்கைகள் கட்டில் நிறையக் கிடக்கின்றன. கோபியில் இருக்கிற அத்தனை பெண்களுக்கும் கடைசி வாரத்தில்தான் ஜன்னல் வைத்த முதுகு வேண்டும் என்று தோன்றுகிறது.

அக்டோபர் 21, வியாழன்

லைன் இல்லை. டாக்டரம்மாவின் பட்டு ரவிக்கையில் கை அளவை மாற்றி வெட்டிவிட்டேன். இத்தனை வருடத்தில் இப்படி வெட்டியதில்லை.

அக்டோபர் 22, வெள்ளி

பாவாத்தா நங்கை கூகலூரிலிருந்து பஸ் ஏறி வந்தார். நங்கை என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. அம்மா இல்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். அந்த ஒரு காரணத்துக்காக நான் அவரிடம் பல வருடங்களாக வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார்.

"ஏன் சாந்தா, அந்த மோதரத்தைச் சுத்தி பண்ணித்தான் போட்டுக்கிட்டயா?"

"இல்லீங்க நங்கை. அவரு குடுத்தாரு, போட்டுக்கிட்டேன்."

"அதான் பாரு. சோசியர் எடுத்த எடுப்புல அதையேதான் கேட்டாரு."

ஆடி மாத லீவில் வந்தபோது என் வீட்டுக்காரர் எனக்கு ஒரு ஓப்பல் மோதிரம் கொண்டுவந்தார். அந்த மலையில் விளைகிற கல். நங்கை சோதிடரிடம் தம்பி ஜாதகத்தைக் கொண்டுபோயிருக்கிறார். சுக்கிரன் புருசன் பொண்டாட்டிக்கு உரிய கிரகம், வைரம் வாங்க முடியாதவர்கள் அதற்குப் பதிலாக ஓப்பல் போடுவார்கள், சுக்கிரன் கல்லைச் சுத்தி பண்ணாமல் போட்டால் கட்டியவனுக்கு ஆகாது என்று சோதிடர் சொல்லிவிட்டார். வியாழக்கிழமை பொழுது சாய்ந்ததும் பச்சைப் பாலில் துளி மஞ்சள் போட்டு அதில் மோதிரத்தை ஊற வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை விடியும்போது சுக்கிர ஓரையில் எடுத்து, சாமி கும்பிட்டு விரலில் போட வேண்டும்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ராகுகாலம் பார்ப்பேன், அவ்வளவுதான்.

"பண்றேனுங்க" என்றேன். பண்ணுவதாக உத்தேசமில்லை.

அக்டோபர் 24, ஞாயிறு

மத்தியானத்திலிருந்து போனை மெஷின் மேலேயே வைத்திருந்தேன். இருட்டும்வரை வரவில்லை. அந்த மாகாணம் முழுக்கப் போனை வெட்டிவிட்டார்கள் என்று தாரணி அவளுடைய போனில் பார்த்துச் சொன்னாள். தாரணி என் மகள், பன்னிரண்டாவது படிக்கிறாள். அவள் சொன்ன விதத்திலேயே அவளுக்கும் பயம் என்று தெரிந்தது. அப்பா ஊருக்கும் சண்டை நடக்கிற இடத்துக்கும் நடுவில் ஒரு ஜில்லா இருக்கிறது என்று படம் காட்டினாள். எனக்கு அந்தப் படத்தில் ஒரு விரல் இடம்கூட நடுவில் இருக்கிறதாகத் தெரியவில்லை.

கை வேலை ஓடவில்லை, மோதிரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளியில் கட்டியது. கல் ஒரு புளியங்கொட்டை அளவு இருக்கும். சும்மா பார்த்தால் நீர்மோர் நிறம். விரலை லேசாகத் திருப்பினால் உள்ளே பச்சை ஓடும், இன்னும் திருப்பினால் பச்சை இருந்த இடத்தில் சிவப்பு பற்றிக்கொள்ளும், ஓரத்தில் மயில் கழுத்து நீலம். நான் ஒரு நாளைக்கு எத்தனை நிறத் துணியைத் தொடுகிறவள், எனக்கே அது எங்கேயிருந்து வருகிறது என்று தெரியவில்லை. வெளிச்சம் பட்டு மின்னுகிற துணி அல்ல, வெளிச்சத்தையே துணியாக நெய்த மாதிரி.

ஆனால் கோணல். இடது பக்கம் மேடு, வலது பக்கம் சரிவு. கொடுத்த அன்றைக்கே சொன்னேன். "எந்தக் கடையில வாங்கினீங்க? நல்லா ஏமாத்தியிருக்கான். பாதிதான் ராவி விட்டிருக்கான்." அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். ரசம் கேட்கவில்லை, எழுந்து கை கழுவிவிட்டார். ரசம் அன்றைக்குக் கொஞ்சம் உப்புத் தூக்கல்.

அந்த லீவில் அவர் கல்லைப் பற்றியே பேசினார். மண்ணுக்குள் தண்ணீர் இறங்கி, பாறை இடுக்கில் நின்று, மணலின் சத்தை விட்டுவிட்டுப் போகுமாம். அது கண்ணுக்குத் தெரியாத கோலிக்குண்டுகளாக அடுக்கி அடுக்கிக் கல்லாகுமாம். அடுக்கு ஒழுங்காக விழுந்தால் நிறம், ஒழுங்கில்லாவிட்டால் வெறும் கூழாங்கல். செங்குத்தான மலைச் சரிவில் ஆள் தவழ்ந்து போகிற பொந்து குடைந்து எடுக்கிறார்களாம். டார்ச் அடித்துப் பார்த்தால் எந்தப் பக்கம் நிறம் இருக்கிறது என்று தெரிந்துவிடுமாம். காலேஜைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, முன்னெல்லாம் பையன்களின் பேர் சொல்லிச் சொல்லித் திட்டுவார். வாத்தியார்களுக்கும் அலுப்புத் தட்டுமல்லவா.

விரல் நுனியெல்லாம் கீறல். கேட்டதற்கு லேப் வேலை என்றார். வீடியோவில் பேசும்போதும் புருவத்தில் வெள்ளைத் தூள் படிந்திருக்கும், சாக்பீஸ் என்பார். "இப்ப யாரும்மா சாக்பீஸ்ல எழுதறாங்க" என்று தாரணி ஒரு தரம் சிரித்தாள். அந்த ஊரில் எழுதுவார்கள்.

மோதிரத்தைப் போட்டுவிடும்போது, "இதுக்குத் தாகம் எடுக்கும், பாத்துக்கோ" என்றார். குக்கர் கூவிக்கொண்டிருந்தது. கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்து அடுப்பை அணைக்கப் போய்விட்டேன்.

அக்டோபர் 27, புதன்

சண்டை போடுகிறவர்கள் அவர் இருக்கிற டவுனுக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டார்களாம். காலேஜ்களை மூடிவிட்டார்களாம். டிவிக்காரன் அந்த ஊர்ப் பெயரைத் தப்பாக உச்சரிக்கிறான். அதற்காக அவன்மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. டெல்லியில் ஒரு உதவி எண் கொடுத்திருக்கிறார்கள். கூப்பிட்டேன், அவர் பெயரை எழுதிக்கொண்டு, விவரம் தெரிந்தால் சொல்கிறோம் என்றார்கள்.

பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

அக்டோபர் 28, வியாழன்

பக்கத்து வீட்டில் கறந்த பால் அரை டம்ளர் வாங்கினேன். மஞ்சள் ஒரு சிட்டிகை. சின்னப் பித்தளைக் கிண்ணத்தில் ஊற்றி மோதிரத்தைக் கழற்றிப் போட்டேன். தாரணி எட்டிப் பார்த்தாள்.

"நீதான் இதெல்லாம் டூப்புன்னு சொல்லுவியே?"

"டூப்புதான். போய்ப் படி."

மோதிரத்தின்மேல் சின்னச் சின்னக் குமிழ் வந்தது. கல் மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 29, வெள்ளி

கல் செத்துவிட்டது.

விடியக் குளித்து, விளக்கேற்றி, பாலுக்குள் விரலை விட்டு எடுத்தேன். முதலில் கல்லே இல்லை என்றுதான் நினைத்தேன். கழுவிப் பார்த்தால் வெறும் கண்ணாடித் துண்டு, அதிலும் லேசான மஞ்சள் கண்ணாடி. அடியில் இருக்கிற வெள்ளித் தகடு தெரிகிறது. பச்சை இல்லை, சிவப்பு இல்லை, நீர்மோர் நிறம்கூட இல்லை. ஜன்னல் பக்கம் போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். டார்ச் அடித்தேன். ஒன்றுமில்லை.

கட்டிலில் துணிமேலேயே உட்கார்ந்துவிட்டேன். நாலு வருடமாக அந்த மனுசன் தனியாக இருக்கிறார், ஒரு தலைவலி காய்ச்சல் இல்லை. நான் கையை வைத்தேன், இப்படி ஆகிவிட்டது. ஒழுங்காக விரலில் கிடந்ததை எடுத்து நான்தான் பாலில் போட்டேன்.

நங்கை போன் செய்தார். "போட்டுக்கிட்டயா அம்மிணி? கல்லு எப்படி இருக்குது?"

"ஜம்முனு இருக்குதுங்க" என்றேன்.

அக்டோபர் 30, சனி

தாரணியிடம் மட்டும் காட்டினேன். அவள் உடனே போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஓப்பல்லயே தண்ணி இருக்குமாம்மா. அது மத்த கல்லு மாதிரி இல்லையாம், மெதுவாம். ரோம் ராஜாங்க காலத்துல எல்லாக் கல்லோட நிறமும் இது ஒண்ணுலயே இருக்குதுன்னு தலையில வெச்சுக் கொண்டாடினாங்களாம்."

"நம்மளுது ஏன் இப்படி ஆச்சுன்னு பாரு."

"பாக்கறேன்." கொஞ்ச நேரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். "வெள்ளைக்காரங்க நடுவுல இது ஆகாத கல்லுன்னு..."

பாதியில் நிறுத்திவிட்டாள். மிச்சத்தைச் சொல்லச் சொன்னேன். போட்டிருக்கிறவர் வீட்டில் கெட்டது நடக்கப் போகிறதென்றால் கல் முன்கூட்டியே நிறம் போய்விடும் என்று ஒரு காலத்தில் நம்பினார்களாம். "அது சும்மா கதைம்மா, எழுதியே இருக்குது" என்று அவசரமாகச் சேர்த்தாள்.

தண்ணீரில் போட்டவர்கள் சிலர் நிறம் திரும்பும் என்கிறார்களாம், சிலர் போனது போனதுதான் என்கிறார்களாம். மஞ்சள் கலந்த பாலில் போட்டவர்கள் உலகத்தில் யாரும் இல்லையாம். அதனால் அதற்குப் பதிலும் இல்லை.

போன் தண்ணீரில் விழுந்தால் அரிசியில் போடுவோமே, அப்படிப் போட்டால் என்ன என்றாள். அரிசி டிரம்மில் புதைத்து வைத்திருக்கிறோம். ஒரு மணிக்கு ஒரு தரம் தோண்டிப் பார்க்கிறேன். தைத்த ரவிக்கையெல்லாம் அரிசித் தவிடு.

நவம்பர் 1, திங்கள்

அந்தக் காலேஜிலிருந்த நம் ஊர் வாத்தியார்களை ஒரு பஸ்ஸில் ஏற்றித் தலைநகரத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். டெல்லிக்காரர்கள் சொன்னார்கள். ஜெபராஜ் சார் என்று நாகர்கோயில்காரர் ஒருவர் முன்பு இவருடன் ஒரே வீட்டில் இருந்தார், அவருடைய எண்ணை வாங்கிப் பேசினேன். பஸ்ஸில் இவர் இல்லையாம்.

வேறு ஒன்றும் சொல்லவில்லை.

கல் அப்படியேதான் இருக்கிறது.

நவம்பர் 2, செவ்வாய்

வேறு ஒன்றும் சொல்லவில்லை என்று நேற்று எழுதினேன், சொன்னார்.

"மேடம், நல்லசிவம் சார் போன வருசமே காலேஜை விட்டுட்டாரே. கான்ட்ராக்டை புதுப்பிக்கல. எங்களுக்கெல்லாம் விருந்து வச்சுட்டுல்லா போனாரு. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"தெரியுமே சார்" என்றேன். "அப்புறம் இந்தப் பக்கம் வந்தாரான்னுதான் கேட்டேன்."

"மேல மலைக்குப் போறதாச் சொன்னாரு. கல்லு எடுக்கற ஊரு. அதுக்கப்புறம் நான் பாக்கல மேடம்."

நன்றி சொல்லி வைத்துவிட்டேன். என் குரல் நன்றாகத்தான் இருந்தது.

போன வருடம். அப்படியானால் ஆடியில் லீவு என்று வந்தாரே, அது எந்த லீவு? இத்தனை ஞாயிற்றுக்கிழமை "கிளாஸ் முடிஞ்சுதா" என்று கேட்டேனே, "முடிஞ்சுது" என்றாரே. பின்னால் கரகரவென்று ஒரு சத்தம் கேட்கும், ஜெனரேட்டர் என்பார். சுவர் மண் சுவராகத் தெரிந்தது, குவார்ட்டர்ஸ் மாற்றிவிட்டார்கள் என்பார். நான் மண்டையை ஆட்டிக்கொண்டே பட்டன் வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். வேலை போய்விட்டது என்று சொன்னால் நான் என்ன கொன்றா போட்டுவிடுவேன்?

அந்த மனுசன் அந்த மலையில் எங்கே கிடக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. பஸ் அனுப்புகிறவர்கள் காலேஜுக்குத்தான் அனுப்புவார்கள். பொய் சொன்னவரைத் தேடி யார் மலை ஏறுவார்கள்?

லைனிங் துணி வாங்க ஈரோடு போக வேண்டியிருந்தது. போன காலோடு ராசிக்கல் கடை ஒன்றில் மோதிரத்தைக் காட்டினேன். ஏசி போட்ட கடை, டை கட்டிய தம்பி. பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துப் பார்த்தார், ரொம்ப நேரம்கூடப் பார்க்கவில்லை.

"ஓப்பல்னு யாருங்க்கா சொன்னது? இது கண்ணாடி. கட்டிங்கும் சரியில்ல. வெள்ளிக்கு வேணா ஏதாச்சும் கிடைக்கும்."

பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. பவானிப் பாலம் வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன். வேலை பொய், குவார்ட்டர்ஸ் பொய், சாக்பீஸ் பொய். கல்லும் பொய்யா? ஆனால் அந்தப் பச்சையை நான் பார்த்தேன். மூன்று மாதம் என் விரலில் ஓடிய பச்சை அது. அதை மட்டும் யாரும் பொய் என்று என்னிடம் சொல்ல முடியாது.

நவம்பர் 3, புதன்

ரவிக்கைகள் முடிந்தன. தப்பாக வெட்டிய கையே நன்றாக இருக்கிறது என்றார் டாக்டரம்மா. முறுக்கு பிழிந்தேன். தாரணியிடம் இன்னும் சொல்லவில்லை.

நவம்பர் 4, வியாழன். தீபாவளி

நங்கை விடியலிலேயே வந்துவிட்டார், தம்பி இல்லாத வீட்டில் நாங்கள் தனியாக இருக்கக் கூடாதென்று. வந்ததும் என் கையைப் பார்த்தார்.

"மோதரம் எங்கே?"

"தைக்கறப்ப நூல்ல மாட்டுதுங்க. கழட்டி வெச்சிருக்கேன்."

நான் எண்ணெய்ச் சட்டியோடு நின்றிருந்தேன். அவர் மத்தியானச் சோற்றுக்கு அரிசி அளக்கப் போனார். போனவர் திரும்பவில்லை. எனக்கு நினைவு வந்து ஓடுவதற்குள் படியில் அரிசியோடு மோதிரம் வந்திருந்தது.

கல் இன்னும் மோசமாகியிருந்தது. நேற்றுவரை கண்ணாடியாகவாவது இருந்தது. இப்போது ஓரமெல்லாம் சுண்ணாம்பாக வெளுத்து, நடுவில் பூ விழுந்த கண் மாதிரி மங்கிக் கிடந்தது.

நங்கை அதைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த மனுசி சத்தம் போட்டு அழுதிருந்தால் தேவலை.

"என்ற தம்பி போயிட்டானா சாந்தா?"

"அப்படியெல்லாம் இல்லீங்க."

"நாந்தான பால்ல போடச் சொன்னேன். நாந்தான சொன்னேன்."

நானும் ஒரு வாரமாக இதே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இத்தனை வருடத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே மாதிரி நினைத்தது இதுதான் முதல் தடவை. பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பஸ், ஜெபராஜ் சார், மலை, காலேஜை விட்டது. தாரணி வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள் என்பதை அப்புறம்தான் பார்த்தேன்.

நங்கை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "சின்னதுல ஸ்லேட்டை ஒடச்சுட்டு ராத்திரி வரைக்கும் ஊட்டுக்கு வராம வாய்க்கா மேட்டுல உக்காந்திருந்தான். திட்டுவேன்னு பயம். நான் போய்க் கூட்டியாந்தேன். அவனுக்கு அந்தப் புத்தி இன்னும் போகுல."

பிறகு, விளக்குக்குப் பக்கத்தில் வைத்தால் ஈரம் போகும் என்று குத்துவிளக்குச் சுடருக்கு அருகே மோதிரத்தை வைத்தார். எனக்கு அது பொறுக்கவில்லை. சட்டி அடுப்பில் கருகுவதைப் பார்க்கிற மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் எடுத்து மறுபடி அரிசியிலேயே போட்டேன்.

தாரணி பட்டாசு வெடிக்கவில்லை.

நவம்பர் 6, சனி

கல் முழுக்கச் சுண்ணாம்பாகிவிட்டது. இனி பார்ப்பதில்லை என்று முடிவு செய்தேன். மத்தியானம் பார்த்தேன்.

நவம்பர் 7, ஞாயிறு

போன் மெஷின் மேல் இருந்தது. வரவில்லை.

வந்தால் என்ன பேசுவது என்று யோசித்து வைத்திருக்கிறேன். "எந்தக் காலேஜிலிருந்து பேசறீங்க?" என்று ஆரம்பிக்க வேண்டும். அப்புறம் அந்த விருந்தைப் பற்றிக் கேட்க வேண்டும். ஊரானுக்கெல்லாம் விருந்து வைத்துச் சொல்லத் தெரிந்தது, எனக்குச் சொல்லத் தெரியவில்லையா என்று கேட்க வேண்டும். மெஷின் ஓட ஓட இன்னும் நல்ல நல்ல வார்த்தையாக வருகிறது. திட்டுவதற்காவது அந்த ஆள் உயிரோடு இருக்க வேண்டும்.

நவம்பர் 9, செவ்வாய்

பத்தரை மணி இருக்கும். தெரியாத எண், நீளமாக. எடுத்தேன். உஸ்ஸென்று காற்றுச் சத்தம், அப்புறம், "சாந்தா?"

மெஷினிலிருந்து காலை எடுத்தேன்.

"சாந்தா, நாந்தான். நல்லா இருக்கேன். போனெல்லாம் வெட்டிட்டாங்க. இப்பத்தான் தலைநகரத்துக்கு வந்து சேந்தோம். காலேஜ் பஸ் ஏற்பாடு பண்ணி எல்லாரையும் கூட்டியாந்துட்டாங்க. பாப்பா நல்லா இருக்காளா?"

காலேஜ் பஸ்ஸாம். உயிர் தப்பி வந்த முதல் பேச்சிலும் அதையே சொல்கிறார். யோசித்து வைத்திருந்த அத்தனையும் தொண்டைக்கு வந்தது. வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"மோதரத்தைப் பால்ல போட்டுட்டேனுங்க."

"என்னது?"

"நங்கை சொன்னாங்கன்னு. மஞ்சப் பாலு. விடிய விடியக் கிடந்துச்சு. கல்லு செத்துப் போச்சுங்க. முதல்ல கண்ணாடியா ஆச்சு, இப்ப சுண்ணாம்பா ஆயிருச்சு." அவ்வளவு பெரிய அழுகை எங்கே இருந்தது என்று தெரியவில்லை. "நீங்க போயிட்டீங்கன்னே நெனச்சேன்."

அவர் குரல் மாறிவிட்டது. காலேஜ் பஸ் என்று சொன்ன குரல் இல்லை அது. அவசரமாக, கறாராக, காரியத்தில் இறங்கிய குரல்.

"அழாத. கேட்டதுக்கு மட்டும் சொல்லு. வெயில்ல வெச்சியா?"

"இல்லீங்க."

"அடுப்புக்கிட்ட?"

"நங்கை விளக்குக்கிட்ட வெச்சாங்க. நான் எடுத்துட்டேன்."

"நல்ல வேலை பண்ணுன. சூடு பட்டா வெடிச்சுப் போயிரும். இப்ப எங்க இருக்குது?"

"அரிசிக்குள்ள."

அவர் சிரித்தார். எத்தனை நாள் ஆயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு. "இருக்கட்டும், அரிசி நல்லதுதான். கேளு, இந்த மலைக் கல்லு தண்ணி குடிக்கும். குடிச்சுதுன்னா கண்ணாடி ஆயிரும், நிறம் ஓடிப் போயிரும். வெளுக்குதுன்னு சொன்னியே, எங்கிருந்து வெளுத்துச்சு? ஓரத்துல இருந்தா?"

"ஆமாங்க. ஓரத்துல ஆரம்பிச்சு, இப்ப முழுக்க."

"அப்பத் தேறிருச்சு. வெளுத்தா ஈரம் வெளிய வருதுன்னு அர்த்தம். பொறவு மேட்டுப் பக்கத்துல இருந்து பச்சை வரும், சிவப்பு கடைசியாத்தான் வரும், நீ பதறாத. மஞ்சக் கறை மட்டும் கொஞ்சம் நின்னாலும் நிக்கும். அந்த இடது பக்கம் மேட்டுலதான் நிறம் ஆழமா இறங்கியிருந்துச்சு. சமமா ராவியிருந்தா சிவப்பு மொத்தமும் தூளாப் போயிருக்கும். அதனாலதான் நான் அங்க சாணைக்கல்லு வெக்காம விட்டுட்..."

நின்றுவிட்டார்.

போனுக்குள் யாரோ வேற்று பாஷையில் யாரையோ கூப்பிடுகிற சத்தம் கேட்டது. அவர் மூச்சுவிடுவது கேட்டது.

"கடையில வாங்கினதுன்னு நெனச்சுட்டேனுங்க" என்றேன். "கோணல்னு சொன்னனே, அது தெரியாமச் சொன்னது."

"சாந்தா..."

"நல்லா அறுத்திருக்கீங்க."

அவர் அழுவதை நான் கேட்டதே இல்லை. கல்யாணமான புதிதில் அவர் அப்பா போனபோதுகூட இல்லை. கொஞ்ச நேரம் அழுதார். மலையிலிருந்து நடந்தே இறங்கியிருக்கிறார்கள், அவரும் அங்கே கல் அறுக்கிற நாலைந்து பேரும். ராவுகிற மெஷினைக் கிணற்றில் போட்டுவிட்டு வந்தார்களாம். அதை மெதுவாகச் சொன்னார். காலேஜைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார், "நான் வந்து, போன வருசம்..." என்று இழுத்தார்.

"தெரியுமுங்க. வந்து சொல்லுங்க" என்றேன். "இங்க யாரும் ஸ்லேட்டை ஒடச்சதுக்குத் திட்டப் போறதில்ல."

"அக்கா சொல்லுச்சா?"

"ஆமாங்க. வாங்க ஊட்டுக்கு."

தாரணி பள்ளியிலிருந்து வந்ததும் சொன்னேன். பையைக்கூடக் கழற்றாமல் என்னைக் கட்டிக்கொண்டாள். நங்கைக்குப் போன் போட்டேன். அவர், "அந்தக் கல்லை அறுத்தது என்ற தம்பியா?" என்று மட்டும் கேட்டார்.

நவம்பர் 12, வெள்ளி

காலையில் அரிசியைக் கிளறி எடுத்தேன். மேட்டுப் பக்கத்தில் கடுகளவு பச்சை. நானாக நினைத்துக்கொள்கிறேனோ என்று தாரணியைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவளும் பச்சை என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை விமானம். கோயம்புத்தூருக்கு நங்கையும் வருகிறாராம், இப்போதே புடவை எடுத்து வைத்துவிட்டார். மோதிரத்தைப் போட்டுக்கொண்டுதான் போகப் போகிறேன். அடியில் லேசாக மஞ்சள் நிற்கிறது. சிவப்பு இன்னும் வரவில்லை.